பாலுசாமியின் கட்டம்

வாய்க்கரிசி போட வந்த சொந்தங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ரித்திகா உள்ளறைக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்துவைத்து அப்பாவின் பெயரை அழித்துக்கொண்டிருந்தாள்.

அழிக்கச் சொன்னவர் பெரியப்பா சென்னியப்பன். திங்கட்கிழமை ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள். பம்ப் ஆர்டர் கொடுக்கும் முன் கம்பெனியில் யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்கிற சார்ட்டை இன்றைக்கே மெயிலில் கேட்டிருந்தார்கள். செத்தவன் பேரோடு அனுப்பினால் நன்றாக இருக்காதாம். தம்பியை நடுவீட்டில் ஐஸ் பெட்டியில் கிடத்திவிட்டு மெயில் அனுப்பச் சொல்வது மட்டும் நன்றாக இருந்தது அவருக்கு.

கணபதிப் பகுதியில் இருந்த கம்பெனி பெரியப்பாவுடையது. அதிலிருந்த உலை அப்பா பாலுசாமியுடையது என்று ஆட்கள் சொல்வார்கள். பத்திரத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இரும்பு எப்போது பதமாகிறது, எப்போது அச்சில் ஊற்றலாம் என்பதை அவர்தான் சொல்வார், அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் அந்த உலைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழவில்லை.

ரித்திகா உலோகவியல் படித்துவிட்டு மூன்று வருடமாக அவரோடு அந்த வெக்கையில் நின்றவள். கம்பெனியில் எக்செல் தெரிந்தவள் என்பதால் சார்ட்டும் அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி, அவர் யாருக்குக் கீழே என்பதற்கு ஒரு நெடுவரிசை. மீதியை சாஃப்ட்வேரே கட்டம் கட்டமாக வரைந்து கோடு இழுத்துவிடும். அப்பாவுக்குக் கீழே ஆட்கள் அதிகம். அகலமாகப் பரப்பினால் தாள் கொள்ளாது என்று அவள்தான் அவர்களை மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டிருந்தாள்.

வரிகளைத் தொடாமல், படத்தில் அப்பாவின் கட்டத்தில் மட்டும் இப்போது அவள் தன் பெயரை அடித்தாள். எல்லாக் கோடுகளும் அதிலிருந்து இறங்கின. அதைப் பார்த்தபோதுதான், காலையிலிருந்து வராத அழுகை வந்தது.

பெரியப்பா உள்ளே வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, உம்பேரு இருக்குது?"

"அப்பா எடத்துலீங்க பெரியப்பா. நாந்தான பாத்துட்டிருந்தேன்."

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. வந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

"வெளிய பாரு கண்ணு. மதன் மொட்டை அடிச்சுட்டு உக்காந்திருக்கறான். உங்கப்பனுக்கு மகனா நின்னு கொள்ளி வெக்கப்போறவன் அவன். கொள்ளிக்கு மட்டும் அவன் வேணும், எடத்துக்கு வேண்டாமுன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"மதன் அண்ணனுக்கு உலையப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க."

"பழகிக்குவான். நீ இருக்கறயே சொல்லிக்குடுக்க. நாளைக்கே இன்னொரு ஊட்டுக்குப் போறவ, உனக்கெதுக்கு இந்த வெக்கையெல்லாம்?"

பனியன் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு போன வருடம்தான் திருப்பூரிலிருந்து வந்திருந்தான் பெரியப்பாவின் மகன் மதன்குமார். பந்தலில் மழித்த தலையோடு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். சித்தப்பாமேல் அவனுக்குப் பாசம் உண்டு, அதில் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கதவோரம் ராசாத்தாள் நின்றிருந்தாள். ரித்திகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பெரியவங்க சொல்றாங்கல்ல கண்ணு. செஞ்சுபோடு. பொணம் காத்துக்கெடக்குது" என்றாள் ராசாத்தாள். புருஷனைப் பிணம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரித்திகா அப்பாவின் வரியைத் தூக்கிவிட்டு மதன்குமாரை வைத்தாள். ஒவ்வொரு ஆளின் வரியிலும் பாலுசாமி இருந்த இடத்தில் மதன்குமார் என்று மாற்றினாள். தன் வரிக்கு வந்தபோது மறந்தாளோ, மனசு வரவில்லையோ, அதை மட்டும் விட்டுவிட்டாள். சாஃப்ட்வேருக்கு அது புரியவில்லை. பாலுசாமி என்று ஒரு ஆளே இல்லாதபோது அவருக்குக் கீழே ஒருத்தியை எங்கே தொங்கவிடுவது? முதல் பக்கத்தில் எல்லோரையும் ஒழுங்காக வரைந்துவிட்டு, இரண்டாவது பக்கத்தில் ஒற்றைக் கட்டமாக அவளை வைத்தது. மேலேயும் கோடில்லை, கீழேயும் இல்லை.

"ரெண்டு பக்கம் வருதுங்க பெரியப்பா" என்றாள். அவர் குனிந்து இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார்.

"அவுங்களுக்கு மொதப் பக்கம் போதுங் கண்ணு. அதை மட்டும் அனுப்பிச்சுரு."

அனுப்பினாள். வாய்க்கரிசி போட அவளைக் கூப்பிட்டார்கள். போட்டாள். கொள்ளிச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மதன் முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் வண்டி மெல்ல நகர்ந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்று திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட அவள் குடத்தைத் தூக்கியபோது போன் அடித்தது. உலை பார்க்கும் கதிர்.

"நேரங்கெட்ட நேரத்துல கூப்புடறேன், தப்பா நெனைக்காதீங்க அம்மணி. இன்னைக்கும் உலை போடச் சொல்லிட்டாங்க. உருகிருச்சுங்க. ஊத்தலாமா, இன்னுங் கொஞ்சம் பொறுக்கணுமான்னு தெரியலீங்க."

எத்தனை டிகிரி காட்டுகிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்கிற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மதன் அண்ணனைக் கேளுங்க."

"அவரு போனை எடுக்கலீங்களே."

"கொள்ளி வெக்கப் போயிருக்கறாரு. வந்ததும் சொல்லுவாரு."

"அதுவரைக்கும் தாங்காதுங்க அம்மணி. சரக்கு அத்தனையும் வீணாப் போயிருமுங்க."

அது அவளுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டாள். உடனே மறுபடியும் அடித்தது.

"யாரு கண்ணு, அப்போ புடிச்சு அடிக்கறாங்க?" என்றாள் ராசாத்தாள், சுவரில் சாய்ந்தபடி.

"யாரோ தப்பான நம்பருக்கு அடிக்கறாங்கம்மா."

ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் அவள் தண்ணீரை ஊற்றினாள். ஒட்டிக்கிடந்த அரிசியும் பூவும் மிதந்து வாசல் பக்கம் போயின. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த குடத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு, அது நிறையும்வரை அங்கேயே நின்றாள்.