கேரட் படம் போட்ட சூப் கட்டி

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், முன்சீட்டு அம்மாள் கைபேசியில் பேசியதைக் கேட்டுக் களவாடியது. அதிலும் பாதிதான் கிடைத்தது. எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதில் ஒன்று:

"படத்துல கேரட்டுதான் இருக்குது. உள்ள கோழி இருக்குது."

இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்த பிறகு சும்மா இறங்கிப் போக நான் என்ன சந்நியாசியா?

2.

முதல் தொடக்கம்: ஓசூர்த் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல

அடித்துவிட்டேன். சூரியன் வாய் திறக்காது. வாய் திறக்காதவர்களை வைத்து எனக்குக் கதை எழுத வராது.

இரண்டாவது தொடக்கம்: காத்தூன் பாகலூர் சாலையில் கிடங்கு வைத்திருக்கிறாள். வெளிநாட்டுச் சூப் கட்டிகளை இறக்குமதி செய்து கம்பெனி கேன்டீன்களுக்கு விற்கிறாள். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு கட்டியைப் போட்டால் ஒரு குண்டான் சூப் மணக்கும். [குண்டான் மிகை. சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.] இங்கே அதை விற்பதென்றால் டப்பாவுக்கு டப்பா இறக்குமதி செய்தவர் பெயர், உரிம எண், சைவமானால் பச்சைப் புள்ளி, அசைவமானால் பழுப்பு முக்கோணம் எல்லாம் ஒட்டியாக வேண்டும்.

இது தேவலை. இதில் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிற இடத்துக்குத் தப்பு தானாக வந்து சேரும்.

3.

முதல் லோடு கேரட் கட்டி சுத்த சைவம். பரிசோதனையிலும் தேறியது. இரண்டாவது லோடும் அதே டப்பா, அதே படம். காத்தூன் பெட்டிக்குப் பெட்டி ஹலால் முத்திரையை மூன்று தரம் பார்த்தாள். மனம் நிறைந்தது. போன தடவை மிஞ்சிய பச்சை ஸ்டிக்கர் வீணாகக் கூடாதென்று இதற்கும் ஒட்டச் செய்துவிட்டாள். பொடி எழுத்திலிருந்த சேர்மானப் பட்டியலை மட்டும் மறுபடி படிக்கவில்லை.

படித்தவள் மருமகள் ஸோயா. புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில்.

"மாமி, இதுல சிக்கன் ஃபேட்டுன்னு புதுசா போட்டிருக்குது."

"ஹலாலுதானே?"

"ஹலாலு சரி மாமி. பச்சப் புள்ளி?"

(காத்தூன் உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். இல்லை, நின்றுகொண்டேதான் இருந்தாள். உட்காருகிற ஆள் இல்லை அவள்.)

4.

அந்த லோடிலிருந்து இதுவரை வெளியே போனது இரண்டே பெட்டி. இரண்டும் காவேரிக்கு. காவேரி ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனை நடத்துகிறவள். காத்தூனை மற்ற கேன்டீன்காரர்களிடம் கூட்டிக்கொண்டு போய், "எங்கக்கா சரக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்று சொன்னவள். புரட்டாசி முழுக்க விரதம் இருக்கிறவள். நாளைக்குச் சனிக்கிழமை.

"ஒரு சொட்டுக் கொழுப்பு," என்றார் கணவர் ஃபக்ருதீன். "யாருக்குத் தெரியப் போவுது? நீயா போயி சொல்லி, லைசென்ஸு போனா என்னா பண்றது?"

"நம்ம சோத்துல பன்னிக் கொழுப்ப ஒரு சொட்டு விட்டுட்டு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள் காத்தூன்.

[இங்கே ஃபக்ருதீனுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். மனுஷன் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.]

"முத்திரைய மூணு தரம் பாத்தேன்," என்றாள் காத்தூன். "எங்கண்ணுக்கு வேண்டியதப் பாத்தேன். அவ கண்ணுக்கு வேண்டியதப் பாக்கல."

கிடங்கிலிருந்த பெட்டிகளை விற்பனைக்கில்லை என்று ஒதுக்கிவைத்தாள். நடந்ததை ஸோயாவை விட்டு எழுதவைத்தாள். கிருஷ்ணகிரி உணவுப் பாதுகாப்பு ஆபீசில் நேரில் கொடுக்கக் கிளம்பினாள். சட்டத்துக்கு ஒரு கடுதாசி போதும். காவேரிக்கு?

5.

முடிவு அ: "எக்ஸ்பைரி தேதி கிட்ட வந்துருச்சு காவேரி, ரெண்டு பெட்டியையும் மாத்தித் தர்றேன்" என்று காத்தூன் சொல்லிவிடுகிறாள். நாளைய விரதம் காப்பாற்றப்படுகிறது. யார் மனமும் நோகவில்லை.

எனக்கு இது பிடித்திருந்தது. காத்தூனுக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்குச் சரி. போன சனிக்கிழமைக்கு என்னா சொல்லுவ?" என்று என்னையே கேட்டாள். "நீ கதைய முடிச்சிட்டுப் போயிடுவ. நான் அவ மூஞ்சில முழிக்கணும்."

அவள் சொல்வது சரி. பெட்டி போய்ப் பத்து நாளாயிற்று.

முடிவு ஆ: காவேரி சிரிக்கிறாள். "தெரியாம நடந்ததுக்குப் பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருக்கா."

இதையும் அடித்தேன். இந்தக் காவேரி மேல் எனக்குச் சந்தேகம். மன்னிப்பதற்கென்றே ஒருத்தியைச் செய்து நிறுத்தினால் அவள் பொம்மை. என் காவேரிக்குக் கோபம் வரும்.

6.

பேருந்து சூளகிரி தாண்டுகிறது. முன்சீட்டில் காத்தூன், மடியில் கடுதாசி. இனி வருவது நான் சொந்தக் காதால் கேட்டது. ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"காவேரி, நாளைக்கு என் கட்டியப் போடாத... படத்துல கேரட்டுதான் இருக்குது. உள்ள கோழி இருக்குது... நாந்தான் ஒட்டுனேன். வேற யாரும் இல்ல... ஆமா. போன சனிக்கிழமையும் அதுதான்."

பிறகு அவள் பேசவில்லை. கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை. கிருஷ்ணகிரி வரைக்கும்.

பேச்சு கேட்காத இடத்தில் எனக்கு எழுத வராது என்று முன்பே சொல்லிவிட்டேன். அதனால் இந்த இடத்தில் நீங்கள்தான் காவேரி. போன சனிக்கிழமை அந்தச் சூப்பில் ஒரு தம்ளர் நீங்களும் குடித்தீர்கள். எதிர்முனையில் ஒருத்தி அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருக்கிறாள்.

பேசுங்கள்.

"அக்கா,