பஞ்சு வைத்த கதவு

சாவி இடுப்பில்தான் இருந்தது. இருந்தும் மெத்தைக்காரர் சட்டைப் பையைத் தடவினார், தையல் மேசையின் இழுப்பறையைத் திறந்து மூடினார், ஆணியில் தொங்கிய பழைய பையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் எதையாவது தேடுவதுபோல் பாவனை செய்வது அவர் பழக்கம். அந்தப் பாவனையைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள், முன்கூடத்தில் அவர் கையால் தைத்த மெத்தையின்மேல் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள்.

எதிரே நின்றவன் பஸ் கண்டக்டர். சீருடையோடே வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பல் டாக்டரம்மா, ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் ஒரு பெண். மூவரும் மெத்தைக்காரரின் மனைவியிடம் பாட்டுப் படிக்க வந்தவர்கள். கடைக்கு மேலே இருந்த அறைதான் பள்ளிக்கூடம். வாசலில் பலகை இருக்கிறது: குரல் பயிற்சிக் கூடம்.

"இன்னிக்குக் கிளாஸ் நாள் அய்யா" என்றான் கண்டக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "வண்டி வர்றதுக்குள்ள ஒரு தடவை மேல போய்ட்டு வந்துடறோம். சாவி வேணும்."

மெத்தைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் வந்துவிட்டான். காலையிலிருந்து நாற்காலி போடுவது, வண்டிக்குச் சொல்வது, வருகிறவர்களை அக்காவிடம் அழைத்துப் போவது எல்லாம் அவன்தான். அழ நேரமில்லாமல் அலைந்துகொண்டிருந்தவனுக்கு எரிந்து விழ ஒரு இடம் கிடைத்தது.

"சாவு வீட்டுல கச்சேரி வைக்கப் போறீங்களா? மாமா, நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"கச்சேரி இல்லீங்க. கிளாஸ்தான்" என்றாள் வரவேற்புப் பெண், அறைச் சாவி கேட்டு வருகிற விருந்தாளியிடம் பேசும் அதே பதவிசோடு.

கிளாஸ். அந்த ஒரு சொல்தான் மெத்தைக்காரரைக் காலையிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் மகளோடு சம்பந்தியம்மாவும் வந்து இறங்கியிருந்தாள். துக்கம் விசாரித்து, மூக்கைச் சிந்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பேச்சு தேய்ந்துபோகாமல் இருக்க ஒரு கேள்வி கேட்டாள்: பாட்டு டீச்சராமே, நல்லாப் பாடுவாங்களோ? கேட்டதில் தப்பே இல்லை. மெத்தைக்காரர் "ம்" என்றார். அப்புறம் "அது வந்து" என்றார். அப்புறம் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். கல்யாணமாகி மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று. பெண்டாட்டி பாடுவாளா மாட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் முதலில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். கணக்குப் பாடம். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் கத்தி அடக்கியதில் ஒரு நாள் தொண்டை அப்படியே நின்றுபோனது. குரல்நாணில் காய்ப்பு என்றார் டாக்டர். கொஞ்ச காலம் பேசவே கூடாது என்று வாயைப் பூட்டி அனுப்பினார். அந்த மாதங்களில் அவள் கையைத் தட்டித்தான் புருஷனைக் கூப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் யாரோ தங்களுக்குக் கை தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு குரலுக்கு வைத்தியம் செய்யும் ஒருத்தியிடம் போனாள். போய்வந்த முதல் நாளே கண்ணெல்லாம் விரிந்திருந்தது.

"தொண்டைன்னு ஒண்ணு எப்படி வேலை செய்யுதுன்னே தெரியாம இத்தனை வருஷம் கத்தியிருக்கேங்க" என்றாள், காற்றோடு கலந்த குரலில்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வேலையை விட்டாள். இசைப் பள்ளி ஒன்றில் சாயங்கால வகுப்பு சேர்ந்தாள். குரல் ஆசிரியர் பயிற்சியாம். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அவள் மகள் வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விலா எலும்பில் கையை வைத்து மூச்சை அளந்துகொண்டிருப்பாள். ஒரு நாள், பஞ்சு மூட்டை அடுக்கியிருக்கும் மேல் அறையைக் காலி செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்றார். பள்ளிக்கூடம் வைக்கப் போகிறேன் என்றாள். ஒரு பாட்டுப் பாடிக்கூடக் கேட்டதில்லை, உனக்குப் பாட்டுப் பள்ளிக்கூடமா என்று அவர் சிரித்தார்.

"மெத்தைக்காரங்க எல்லாம் நல்லாத் தூங்குறாங்களா என்ன?" என்றாள் அவள். அவர் மூட்டைகளை இறக்கினார்.

முதல் நாள் வகுப்பு பாதியில் இருக்கும்போதே பக்கத்துக் கடைத் தையற்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்து, மேலே யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். மறுநாளும் வந்தார். அதன்பிறகுதான் மெத்தைக்காரர் களத்தில் இறங்கினார். சுவருக்கு ஃபோம், அதன்மேல் பழைய மெத்தைப் பஞ்சை அடித்துப் பரப்பி, கம்பளித் துணி போட்டுக் கட்டம் கட்டமாகத் தைத்தார். கதவுக்கு மட்டும் தனிக் கவனம்: இரண்டு பக்கமும் பஞ்சு, விளிம்பெல்லாம் ரப்பர், தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங். தையற்காரர் வந்து கடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றுமே கேட்கவில்லை என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அன்று மெத்தைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றுமே கேட்கவில்லை என்பது தனக்கும் சேர்த்துத்தான் என்று பிறகே உறைத்தது.

ஆட்கள் ஏறுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து இறங்குவார்கள். ஏறும்போது கூனிக்கொண்டு ஏறுகிறவர்கள் இறங்கும்போது நிமிர்ந்து இறங்குவார்கள். நடுவில் என்ன நடந்தது? யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை படியேறிப்போய்க் கதவில் காதை வைத்துப் பார்த்தார். தன் தொழில் நேர்த்தியைத் தானே திட்டிக்கொண்டு இறங்கிவந்தார். என்னதான் சொல்லிக் கொடுக்கிறாய் என்று நேராகவே கேட்டால், "கூப்பிடச் சொல்லித் தர்றேன்" என்று சிரிப்பாள். வந்து பார்க்கட்டுமா என்றால், புது ஆள் இருந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள், ஒரு நாள் யாருமில்லாதபோது காட்டுகிறேன் என்பாள். அவளுக்கு ஆளில்லாத நேரத்தில் அவருக்கு வாடிக்கை இருந்தது. அவருக்கு ஓய்வான நேரத்தில் அவளுக்கு மாணவர்கள்.

தலையணை விஷயம் வேறு. சின்னச் சின்னதாகத் தலையணை தைத்துக் கேட்பாள், கனமாக வேண்டும் என்பாள். தலையணை லேசாக இருக்க வேண்டும் என்றுதான் உலகத்தில் எல்லாரும் கேட்பார்கள் என்று அவர் வாதாடினார். உலகம் கேட்டுக்கொள்ளட்டும், எனக்குக் கனமாக வேண்டும் என்றாள். வெட்டுத் துணியையும் ரப்பர்த் துண்டையும் திணித்துக் கொடுத்தார். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

இன்று விட்டால் இனிமேலும் தெரியாது. வண்டி வந்து போனபின் இந்த மூவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மேல் அறை மறுபடி பஞ்சு மூட்டைக்குத்தான்.

மைத்துனன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். மகள் முன்கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். அழுது வீங்கிய கண்ணோடு தாய்மாமனையும் அந்த மூவரையும் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

மெத்தைக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"நானும் பாக்கணும்" என்றார்.

படியேறும்போது காலையிலிருந்து நூறு பேருக்குச் சொன்ன கதை மனதுக்குள் இன்னொரு தடவை ஓடியது. நேற்றுச் சாயங்காலம் அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள், அவர் கடையில் மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார், போய்ப் பார்த்தபோது கீழே சாய்ந்திருந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இதைத்தான் எல்லாரிடமும் சொன்னார். சொல்லாதது ஒன்று இருந்தது. சமையலறையிலிருந்து "ஏங்க" என்று ஒரு தடவை கேட்டது. ஊசி பாதியில் இருந்தது. அவள் எப்போதும் இரண்டு தடவை கூப்பிடுவாள், அவர் எப்போதும் இரண்டாவதுக்குத்தான் எழுவார். வழக்கம்போல் தையலைப் போட்டுக்கொண்டே காத்திருந்தார். இரண்டாவது வரவில்லை. வரவில்லையே என்றுதான் எழுந்து போனார்.

கதவைத் தள்ளினார். தான் தைத்த அறைக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்தார்.

தரையில் மெல்லிய மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. சுவரோரமாக அந்தத் தலையணைகள். பழைய துணிவெட்டும் மேசைமேல் ஒரு கீபோர்டு. எல்லாவற்றையும்விட விசித்திரமாக, ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. யார் இப்படிப் போட்டது என்று அவர் அதைத் திருப்பப் போனார்.

"அது டீச்சர் நாற்காலி. அப்படித்தான் இருக்கும்" என்றாள் பல் டாக்டரம்மா. டீச்சர் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், முகத்தைப் பார்த்தால் எங்களுக்கு வெட்கம் வரும், அவருக்கும் காது மந்தமாகிவிடும் என்று விளக்கினாள். ஒரு நாளைக்கு எத்தனை வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவள் நான், என் வாயைத் திறக்க எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது என்றாள்.

தலையணையைக் காட்டினார் மெத்தைக்காரர். கண்டக்டர் மெத்தையில் மல்லாந்து படுத்து, ஒரு தலையணையை வயிற்றில் வைத்துக்கொண்டான். மூச்சை இழுத்தான். தலையணை மெதுவாக எழுந்தது; விட்டான், இறங்கியது. லேசான தலையணையாக இருந்தால் வயிறு சோம்பேறியாகிவிடுமாம். முதல் மாதம் பூராவும் இதுதான், ஒரு வரி பாட்டுக் கிடையாது என்றான், படுத்தபடியே.

"இதுக்கா" என்றார் மெத்தைக்காரர். குனிந்து, தலையணை ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்ததையும் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் பிறகு. "அவ நல்லாப் பாடுவாளா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தான். "சுமாராத்தான் பாடுவாங்க அய்யா" என்றான். பல் டாக்டரம்மா அவன் முதுகில் இடித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். "பொய் சொன்னா குரல்ல தெரிஞ்சுடும்னு அவங்கதானே சொன்னாங்க. சுமார்தான். ஆனா எங்களைப் பாட வெச்சுட்டாங்க."

"சுமார்" என்று மெத்தைக்காரர் சொல்லிப் பார்த்தார். சம்பந்தியம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. காலையிலிருந்து முதல்முறையாக அவருக்கு லேசாக இருந்தது.

கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் அங்கங்கே துண்டுத் துணிகள் ஒட்டியிருந்தன. நீலம், மஞ்சள், பச்சை. அவை என்னவென்று கேட்டார். வரவேற்புப் பெண்தான் சொன்னாள். எல்லாரும் வீட்டில் யாரையாவது கூப்பிடுவோம் இல்லையா, அந்தக் கூப்பிடுகிற குரலில் வேஷம் இருக்காதாம். டீச்சர் முதலில் அதைத்தான் கேட்பார். அது எந்தக் கட்டையில் விழுகிறதோ அங்கே அவரவருக்கு ஒரு துணி. அங்கிருந்துதான் பாட்டைத் தொடங்க வேண்டும். நீலம் கண்டக்டருடையது, அவன் மகளைக் கூப்பிடும் சத்தம். மஞ்சள் அவளுடையது, தம்பியை. பச்சைக்கு வந்ததும் பல் டாக்டரம்மா தானே முந்திக்கொண்டாள்.

"நான் தனியா இருக்கேன். எனக்குக் கூப்பிட ஆளில்லைன்னு சொன்னேன். டீச்சர் விடலை. கடைசில பூனையைக் கூப்பிட்டேன்."

அப்படியானால் பெண்டாட்டி சொன்னது வேடிக்கைக்கு இல்லை. கூப்பிடத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

நடுவில் ஒரு கட்டையில் கோடு போட்ட துணி ஒட்டியிருந்தது. மெத்தை உறைத் துணி. எந்தத் துணிச் சுருளில் வெட்டியது என்றுகூட அவரால் சொல்ல முடியும்.

"இது யாரோடது?"

"டீச்சரோடது. தினமும் அதுலதான் ஆரம்பிப்போம்."

"அவ யாரைக் கூப்பிட்டா?"

வரவேற்புப் பெண் கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களைத்தான்."

மெத்தைக்காரர் ஏதோ தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினார்.

இரண்டு தடவை கூப்பிடுவோம் என்று அவளே தொடர்ந்தாள். முதல் தடவை தொண்டையிலிருந்து வருமாம், அது சும்மா. இரண்டாவதுதான் வயிற்றிலிருந்து வரும், அதுதான் சுருதி. "எங்க வீட்டுக்காரர் முதல் தடவைக்கு வந்ததே கிடையாது, அந்தப் புண்ணியத்துலதான் எனக்கு ரெண்டாவது இவ்வளவு நல்லா வாய்ச்சுதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

மெத்தைக்காரரும் சிரிக்கத்தான் பார்த்தார். இருமலாக வந்தது.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்திருந்ததால் கேட்டது. ஸ்பிரிங் மெல்ல இழுத்து அதை மூடப் பார்த்தது. அவர் போய் ஒரு தலையணையை எடுத்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் திணித்தார். கனமான தலையணை, நகராமல் நின்றது.

"மூடாம ஆரம்பிங்க" என்றார். "கீழ கேக்கட்டும்."

திரும்பி வந்து, சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே அவருடைய தையல், கட்டம் கட்டமாக. அவள் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். முதுகுக்குப் பின்னால் மூவரும் எழுந்து நிற்கும் அரவம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். விரல் கட்டையில் விழுந்தது.

"ஏங்க..."

ஒரு முரட்டு ஆண் குரலும் இரண்டு பெண் குரல்களும். ஆனால் அந்த இழுப்பு, கடைசியில் லேசாக மேலேறி நிற்கும் அந்தத் தூக்கல், அது அவர்களுடையது இல்லை.

"தோ வந்துட்டேன்."

சொன்னபோது அவர் ஏற்கெனவே எழுந்திருந்தார். நாற்காலியை ஒதுக்கினார், யாரையும் பார்க்காமல் கதவைத் தாண்டினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். கீழே கூடத்தில் பேச்சு நின்று எல்லா முகங்களும் மேலே பார்த்திருந்தன. கதவு திறந்தே இருந்ததால், இரண்டாவது கூப்பிடலுக்காக இழுத்து வைத்த மூச்சை மேலே மூவரும் மெதுவாக விடுவது பாதிப் படிவரை கேட்டது.