மற்றப் பிள்ளைகள் சொன்ன பதில்

பியட்றிஸின் மகள் அனற் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். கைக்குழந்தையிலேயே சத்திரசிகிச்சை நடந்தது. பதின்மூன்று வயதில் மேலுதட்டில் ஒரு மெல்லிய கோடுதான் மிச்சம்.

போன வருடம் கண்டி கிளினிக்கில் அவளிடம் ஒரு கேள்விக்கொத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். முகத்தைப் பற்றிய பகுதியில் நூற்றுக்கு அறுபது. பேச்சில் எழுபத்தைந்து. பேச்சு பரவாயில்லை என்று நினைத்த பியட்றிஸுக்கு, அந்த அறுபது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"எம் புள்ள தன் மூஞ்சிய வெறுக்குறாளா டொக்டர்?"

"தெரியலைங்க," என்றார் டொக்டர் திவாகரன். "இது பரீட்சை மார்க் இல்ல. பிளவு இல்லாத புள்ளைங்க இங்க என்ன சொல்லுவாங்கன்னு யாரும் கேட்டதில்ல. இனித்தான் கேக்கப் போறோம்."

அதே கேள்விக்கொத்தை மற்றப் பிள்ளைகளும் நிரப்ப, மஹய்யாவ, குண்டசாலை, அம்பிட்டியப் பாடசாலைகள் வழியாகப் பெற்றோருக்கு அனுமதிப் படிவங்கள் போயின. பக்கத்து வீட்டு ராக்கம்மா தயங்கினாள்.

"எம் மகளுக்குத்தான் ஒண்ணுமில்லையே, அவகிட்ட எதுக்கு?"

"ஒண்ணுமில்லாத புள்ளைங்கதான் வேணுமாம் அக்கா. அனற்றுக்காகச் செய்ங்க."

ராக்கம்மா கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து அந்த வரிசை வீட்டுக்காரர்களும் போட்டார்கள்.

இந்த வருடம் டொக்டர் விளக்கினார். முகத்துக்கு மற்றப் பிள்ளைகளின் சராசரியும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. மூக்கு, பரு, பல் என்று அந்த வயதில் எல்லாருக்கும் ஒரு மனக்குறை.

"ஆனா பேச்சுல அவங்க தொண்ணூறுக்கு மேல. நம்ம கவனிக்க வேண்டியது அதத்தான்."

அனற் தலைகுனிந்தபடி சொன்னாள்: "போன்ல பேசினா 'என்ன, என்ன'ன்னு கேக்குறாங்கம்மா. அதான் நான் எடுக்குறதே இல்ல."

கூச்சம் என்றல்லவா தாய் நினைத்திருந்தாள்.

அடுத்த வாரமே பேச்சுப் பயிற்சி தொடங்கியது. மாதங்கள் ஓடின. ஒரு மத்தியானம் அனற், தாய் வேலை செய்யும் புடவைக் கடைக்குப் போன் எடுத்தாள். முதலாளி அவளிடம் ஒன்றையும் திருப்பிக் கேட்காமல் போனை வைத்து, "வரும்போது பாண் வாங்கிட்டு வரச் சொன்னா உங்க மக," என்று பியட்றிஸிடம் சொல்லிவிட்டுப் போனார். பியட்றிஸ் மடித்த சேலையையே மறுபடி விரித்து மடித்தாள்.

நத்தார்ப் பண்டிகைக்குச் சுட்ட முதல் கேக் ராக்கம்மா வீட்டுக்குப் போனது.

"எதுக்கு இவ்வளவு பெருசு?"

"உங்க மக எழுதின பதிலுக்கு."

"அவ என்னத்த எழுதினாளோ."

"எத எழுதியிருந்தாலும் சரி அக்கா. உண்மைய எழுதினாளே, அது போதும்."

மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் கடைசிவரை பியட்றிஸுக்குத் தெரியவில்லை. அம்பிட்டிய பஸ்ஸில் சீருடையோடு யார் ஏறினாலும் அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.