அத்தை பேரில் ஒரு நாடாப்புழு

ஆற்று மீனின் குடலில் கண்டெடுத்த நாடாப்புழுவுக்கு, புழு ஆய்வாளரான அவள் தன் மாமியாரின் பெயரை வைத்தாள். கைக்குழந்தையை அவர் தூக்கி வைத்துக்கொண்டதால்தான் அவளால் நுண்ணோக்கியில் கண் வைக்க முடிந்தது. நன்றியில் வைத்ததுதான், ஆனால் புழுவாயிற்றே, எந்த முகத்தோடு சொல்வது? கணவனிடம் மட்டும் சொன்னாள்.

"வேற ஒண்ணும் கிடைக்கலையா உனக்கு?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

கட்டுரை அச்சாகி வந்தபோது, இதழ்க்காரர்கள் பெயரின் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள். கணவனுக்கு நிம்மதி. "நல்லதாப் போச்சு. இப்ப அது யார் பேரோ. விட்டுடு."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. உயிரினப் பெயர்களில் முதலில் அச்சான எழுத்துத்தான் காலத்துக்கும் நிற்கும். அச்சுப்பிழை என்பதற்கு அதே கட்டுரைக்குள் சான்று இருந்தால்தான் திருத்தலாம். இருந்தது. யார் நினைவாக வைத்த பெயர் என்று சொல்லும் வரியில் மாமியாரின் பெயர் பிழையில்லாமல் நின்றது. திருத்தக் குறிப்பில் அந்த வரியை எடுத்துப் போட வேண்டும். அவரைக் கேட்காமல் இன்னொரு தடவை அச்சேற்ற அவளுக்குத் துணிவில்லை.

தையல்காரரான மாமியார் பேரனின் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒரு புழுவுக்கு உங்க பேர வெச்சுட்டேன்."

தையல் எந்திரம் நின்றது. "புழுவுக்கா?"

"ஆமா. கோபமா?"

"எங்க இருக்கு? காட்டு."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவர் நுண்ணோக்கியின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மடிப்பு மடிப்பா, பாவாடை மாதிரி அழகாத்தான் இருக்கு. வாய் எங்க?"

"இதுக்கு வாயே கிடையாது அத்தை. உடம்பாலயே சாப்பாட்ட உறிஞ்சிக்கும்."

"அடிப்பாவி, என்னைப் போய் வாயில்லாப் பூச்சி ஆக்கிட்டியே. உன் மாமா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்."

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக விழுங்கப்பட்ட எழுத்தையும் சொன்னாள். மாமியாரின் முகம் மாறியது.

"புழுன்னாக்கூடப் பரவாயில்ல. பள்ளிக்கூடத்துலயும் தப்பாத்தான் எழுதினாங்க, அடையாள அட்டையிலயும் தப்புதான். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன். இதையாவது சரி பண்ணு."

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. அதற்குள் வேறொரு நாட்டு ஆய்வாளர் பிழையான பெயரையே எடுத்தாண்டிருந்தார். அவருக்கும் அவள் எழுதிப் போட்டாள்.

மாமியார் அச்சான பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினார்.

"அம்மா, புழுன்னு மட்டும் சொல்லாத," என்றான் மகன்.

"பின்ன, யானைன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டபடி அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.