தொடையில் ஒரு வெள்ளைப் புள்ளி

கைக்கடிகாரம், பெல்ட், கழுத்துச் சிலுவை ஆகியவற்றைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்துவிட்டுச் சைலஸ் மேசைமேல் மல்லாந்தான். மூச்சுத் திணறலுக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகள் எலும்பை அரித்திருக்குமோ என்ற ஐயத்தில், உடம்பு முழுவதையும் அளக்கும் எக்ஸ்ரேவுக்குப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். தனியே ரயிலேறும் தெம்பு அவனுக்கில்லை. அண்ணி ஈவ்லின் துணைக்கு வந்திருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இப்பால், படமெடுக்கும் நேத்ராவின் பின்னால் அவள் நின்றாள். எந்திரத்தின் கை நகரத் தொடங்கியதும் சைலஸ் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை அடக்கிக்கொண்டான்.

"அங்கிள், மூச்சு விடுங்க! இது லங்ஸ் படம் இல்ல. முடியறதுக்குள்ள நீங்க போய்ச் சேந்துடுவீங்க."

"மைன்ல பிளேட் எடுக்கறப்போ மூச்சு வுட்டா திட்டுவான்மா. அந்தப் பழக்கம் போவல."

ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. சுரங்கத்தில் நெஞ்சை எக்ஸ்ரே பிளேட் எடுக்கும் நாள் நெருங்கினால் அண்ணனும் தம்பியும் கட்டிலில் கிடந்து, யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று பந்தயம் கட்டுவார்கள். நெஞ்சில் தூசு தெரிந்தால் சுரங்கத்துக்குள் இறக்கமாட்டார்கள் என்ற பயம். பந்தயத்தில் எப்போதும் அவள் கணவன் கொர்னேலியஸ்தான் ஜெயிப்பான்.

திரையில் மண்டையோடும் விலாவும் இடுப்பும் வரிவரியாக எழுந்தன. வலது தொடையில், எலும்பை விட்டு விலகி, சதைக்குள் அவரைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளை.

"பாக்கெட்ல இன்னும் என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லயே. தொடையிலயா? அது பாறை வெடிச்சப்போ பூந்த கல்லும்மா."

நேத்ரா விசையைத் தட்டிப் பார்த்தாள். "மெஷின் இதையும் எலும்புன்னுதான் கணக்குல சேக்குது."

ஈவ்லின் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பாறை வெடித்த அன்று இரு சகோதரர்களும் அருகருகே நின்றிருந்தார்கள். தம்பியை இழுத்து வந்தார்கள். அண்ணனின் மேல் மலை இறங்கிவிட்டது. உடலை எடுக்க வழியில்லாமல் சுரங்கத்தின் அந்த அடுக்கையே அடைத்தார்கள். வெற்றுச் சவப்பெட்டி தோளில் ஆடக்கூடாதென்று கூட்டாளிகள் அதே குழியின் கற்களை அதில் நிரப்பினார்கள். அவளறியவே நிரப்பினார்கள். பதினோரு ஆண்டுகளாகக் கல்லறைத் திருநாளில் அவள் அந்தக் கற்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிவருகிறாள்.

அறிக்கையைப் பார்த்த மருத்துவர், அது கல்லாக இருக்கலாம், இறுகிப்போன அவனுடைய சதையாகவே இருக்கலாம் என்றார்.

"வேற ஆளோட எலும்பா இருக்குமா டாக்டர்?" என்றாள் ஈவ்லின்.

அவர் படத்தை மீண்டும் பார்த்தார். "வெடிவிபத்துல அப்படியும் நடந்திருக்கு. கீறி எடுத்தாத்தான் தெரியும். சின்ன வேலைதான்."

மாரிகுப்பம் ரயிலில் இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். பங்காருப்பேட்டை தாண்டியதும் சைலஸ் சொன்னான்:

"எடுத்துடலாம் அண்ணி. அண்ணனா இருந்தா பெட்டியில வெச்சிடுங்க."

"கல்லா இருந்தா?"

அவன் தொடையைத் தடவிப் பார்த்தான்.

"கல்லுதான் ஒரு பெட்டி நெறய கீதே, தம்பி. இதுவும் கல்லுன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னா, அப்புறம் நான் இன்னா பண்ணுவேன்? எங்க போய்த் தேடுவேன்?" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிறிது கழித்து, "வேணா. நீயே வெச்சிரு. ஜாக்கிரதயா நட. மாத்திரயக் கொறைக்கச் சொன்னாரே, கொறச்சிக்கோ" என்றாள்.

அதன்பின் அவன் வீட்டுப் படியிறங்கும்போதெல்லாம் ஈவ்லின் அவனுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. காலை மட்டுமே பார்ப்பாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று வீச, கல்லறைத் தோட்டம் முழுவதும் சுடர்கள் சாய்ந்து எரிந்தன. ஈவ்லின் கொர்னேலியஸின் சிலுவையடியில் சாமந்தியை வைத்தாள். மெழுகுவத்தியை ஏற்றினாள்; அதை அங்கே நடவில்லை. திரும்பி, பின்னால் நின்ற சைலஸின் வலது காலருகே குனிந்து, மண்ணைக் கிளறி ஊன்றினாள்.

அடுத்த கல்லறையில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உயிரோடிருப்பவனுக்கு யாரும் இப்படி ஏற்றுவதில்லை.

சைலஸ் காலை நகர்த்தவில்லை. சுடர் அணைந்துவிடாதபடி நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி நின்றான். விடச் சொல்ல அங்கே யாருமில்லை.