மொய் மேசையில் அஃப்ராகோமா

அஃப்ராகோமா அந்த ஐம்பது சீடிப் பணநோட்டைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, காதருகே சொடுக்கிப் பார்த்து, தகரப் பெட்டிக்குள் போட்டாள்.

"நல்லது. அடுத்தது."

அண்ணன் டார்க்வாவின் சவப்பெட்டி முற்றத்தின் மறுகோடியில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

குமாசிச் சந்தையில் அவள் தக்காளி விற்கிறவள்தான். ஆனால் அந்தக் கட்டைவிரலுக்குத் தனி மரியாதை. கொட்டும் மழையில் கண்ணைக் கட்டிவிட்டு நனைந்த நோட்டைக் கொடுத்தாலும், அது எந்த மீன்காரியின் இடுப்பு முடிச்சில் தூங்கியது, அன்று அவள் புருஷனோடு சண்டை போட்டாளா என்பதுவரை சொல்லிவிடும். கள்ளநோட்டுக்காரன் அவள் கடை வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே காய்ச்சலில் படுத்துவிடுவான். சந்தை இரண்டுபட்டு அடித்துக்கொண்டாலும் அவள் "நல்லது" என்றால் நல்லது, அப்பீல் கிடையாது. அந்த விரல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அதனால்தான் குடும்பப் பெரியவர்கள் அழவேண்டியவளை அழவிடாமல் மொய் மேசையில் உட்கார்த்தியிருந்தார்கள். பக்கத்தில் சித்தி மகன் அம்போன்சா, புதிதாக வாங்கிய நீல விளக்கோடு. தேய்த்ததை அவன் வெளிச்சத்தில் காட்டி ஆமோதிப்பான். உடனே ஒலிபெருக்கிக்காரன் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பக்கத்து நாட்டுக்கே கேட்கிற மாதிரி முழங்குவான்.

தடியைத் தட்டிக்கொண்டு சார்போங் வந்தார். டார்க்வா ஓட்டிய வேனில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்து, அவனை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டவர். இப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"மேசைல யாரு?"

"அஃப்ராகோமாண்ணே."

"அப்பாடா. வேற எவன் கைலயும் குடுக்கக் கூடாதுன்னே வந்தேன். கண்ணு போனதுலேர்ந்து எல்லாப் பயலும் எனக்குத் திருடன் குரல்லயே பேசறானுங்க."

தொப்பி மடிப்பிலிருந்து ஒரு இருநூறு சீடி நோட்டை எடுத்தார்.

"என் சேவல் ரெண்டையும் வித்துட்டேன். வாங்குனவன் சில்லறை இல்லாம ஒரே நோட்டா நீட்டினான், மகராசன். நூறு மாஸ்டருக்கு. மிச்சம் நூறைத் திருப்பிக் குடு தங்கச்சி, ஊர் போய்ச் சேரணும்."

கட்டைவிரல் தொட்டதுமே நின்றுவிட்டது. சோப்பு சுற்றின காகிதம் மாதிரி வழவழப்பு. இதை அடித்தவன் அயோக்கியன் மட்டுமல்ல, சோம்பேறியும்கூட.

அம்போன்சா விளக்கோடு கையை நீட்டினான். "குடுக்கா, பாத்துருவோம்."

"கையை எடு."

வரிசையில் சந்தைக்காரிகள் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார்போங்கின் கண் மங்கத் தொடங்கிய காலத்தில், பொழுது சாய்ந்தால் அண்ணன் அவள் கடைக்கு வருவான். வேனில் எவனோ சார்போங்கிடம் தள்ளிவிட்ட கசங்கின நோட்டு ஒன்றை நீட்டுவான்.

"இது கள்ளந்தானே?"

"கள்ளந்தான். அந்த ஆள அனுப்பிட்டு வேற ஆளப் போடேன்."

"அவன்கிட்ட சொல்லிராத. ராத்திரி பூரா தூங்கமாட்டான்."

அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் காசை வேன் கணக்கில் சேர்த்துவிடுவான். அப்படி அவன் விழுங்கின நோட்டுகளை ஒட்டினால் அந்த வேனுக்குக் கூரையே வேய்ந்திருக்கலாம்.

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்? ஏதும் கோளாறா?" சார்போங்கின் கை தடியை இறுக்கியது.

அஃப்ராகோமா நோட்டை இன்னொரு முறை தேய்த்தாள்.

"நல்லதுண்ணே. புது நோட்டு. அதான் விரல்ல ஒட்டல."

அதை மடித்துத் தன் கறுப்புத் துணியின் இடுப்பு முடிச்சுக்குள் சொருகினாள். அதே முடிச்சிலிருந்து தன் பணம் நூறை எடுத்துப் பெட்டியில் போட்டாள். இன்னும் இரண்டு ஐம்பதை எடுத்து அவர் கையில் வைத்தாள். முந்தின நாள் விற்ற தக்காளியெல்லாம் போயிற்று. அம்போன்சா விளக்கை அணைத்துவிட்டு, திடீரென்று வானத்தில் பருந்து தேட ஆரம்பித்தான்.

சார்போங் ஐம்பதுகளை அவளிடமே நீட்டினார். "இதையும் தேச்சுச் சொல்லு. உன் தம்பி மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

"யோவ் பெருசு, நான் என்னய்யா பண்ணேன்?"

"நீ பேசறதே கள்ளநோட்டு மாதிரி இருக்குடா."

வரிசை முழுக்கச் சிரித்தது. அஃப்ராகோமா தேய்த்தாள். இரண்டையும் அவர் காதருகே சொடுக்கியும் காட்டிவிட்டு, "நல்லதுண்ணே" என்றாள்.

"மாஸ்டர் டார்க்வாவின் கண்டக்டர் சார்போங், நூறு சீடி!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. சார்போங் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

சவப்பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். யார் முன்னால் உட்காருவது என்று மாமன்மார்கள் ஒரு சின்ன யுத்தமே நடத்தி முடித்தார்கள். அஃப்ராகோமா காலையிலிருந்து முதல்முறையாக மேசையை விட்டு எழுந்தாள். சார்போங்கின் முழங்கையைப் பிடித்து வண்டிவரை கூட்டிப்போனாள்.

அவர் கை தகரத்தைத் தடவிக்கொண்டே போய்ப் பின்கதவைக் கண்டுபிடித்தது. கதவைச் சாத்தினார். இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம் மாஸ்டர்."

டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது. ஏறிக்கொள்கிற பழக்கத்தில் சார்போங் கூடவே சில அடிகள் ஓடினார். அஃப்ராகோமாவும் அந்த முழங்கையை விடாமல் ஓடினாள்.