எழும்பாத பியாட்றிஸ்

இராசமலரும் நானும் ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று ஆறு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுடைய தொடர்கதை சென்னைப் பத்திரிகையில் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பேச்சு. அதற்கு முன் அவள் பெயரையே நான் எடுத்ததில்லை. சாவகச்சேரியில் நான் தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்குப் புதிதாக யார் படிப்பிக்க வந்தாலும், ஒரு கிழமைக்குள் என் வாயால் இந்தக் கதையைக் கேட்டே ஆகவேண்டும்.

நாற்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் அவளிடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு பழைய அப்பியாசக் கொப்பியும் கடிதமும். பதினான்கு வயதில் பள்ளி போர்டிங்கில் இருந்து எழுதிய ஐந்து கதைகள், எங்கும் அச்சாகாதவை, பதிப்பகத்தார் புத்தகமாகப் போடக் கேட்கிறார்கள், அந்தக் காலத்தில் கூட இருந்தவர் நீர், வாசித்துவிட்டு முன்னுரையாக ஒரு பக்கம் எழுதித் தாரும் என்றிருந்தாள். கடிதத்தை எல்லோருக்கும் காட்டினேன்.

"அப்ப உங்கடை பேரும் அச்சிலை வரப்போகுது" என்றாள் சீலா ரீச்சர். "வரட்டுமே" என்றேன், அது பெரிய விஷயமில்லை என்பதுபோல.

சனிக்கிழமை தலை முழுகிவிட்டு ஆற அமர இருந்து வாசித்தேன். முதல் நான்கு கதைகளும் சப்பென்றிருந்தன. மூன்றில் கதாநாயகி காய்ச்சலில் செத்துப்போனாள். ஒன்றில் பிழைத்தெழுந்து இரண்டு பக்கத்துக்குப் புத்திமதி சொன்னாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இவ்வளவுதானா, நானும் கொஞ்சம் முயன்றிருந்தால் எழுதியிருப்பேனே என்று நினைத்தேன். இந்தக் குணத்தை மறைத்து என்ன பயன்?

ஐந்தாவது கதையின் முதல் வரியிலேயே எங்கள் சாப்பாட்டு அறை வந்தது. நீளப் பெஞ்சுகள், சோறு போடும் எனாமல் கோப்பைகள், பூசணிக்காய்க் கறி. அதுவரை பனையேறுகிறவரின் மகளான இராசமலர் மூலையில் நிலத்தில் இருந்துதான் சாப்பிடுவாள். அன்று வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அவள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து பெஞ்சில் இருத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே போனார்கள். அறை காலியாயிற்று. பக்கத்தில் இருந்த ஒருத்தி மட்டும் எழும்பவில்லை. தன் கோப்பையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, "சாப்பிடு, ஆறப்போகுது" என்றாள். அவள் பெயர் பியாட்றிஸ்.

என் பெயரேதான். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். நான் மூன்றாவதாக எழும்பினேன். முதலாவதாக எழும்பவும் தைரியமில்லை, இரண்டு பேர் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனேன், அவள் கை பட்டுவிடும் என்று. என் தகப்பன் உபதேசியார். ஞாயிறுதோறும் எல்லோரும் தேவனுடைய பிள்ளைகள் என்று பிரசங்கம் செய்கிறவர். அடுத்த நாளே வண்டில் கட்டிக்கொண்டு வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்து, அவளுக்கு எட்டாத பெஞ்சாகப் பார்த்து இருந்துகொண்டேன்.

கொப்பியை மூடினேன். முகம் எரிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே மனம் என்ன சொன்னது தெரியுமா? நல்லதாய்ப் போயிற்று என்றது. நான் ஆறு வருடமாகச் சொன்ன பொய்க்கு அவளே சாட்சி எழுதி வைத்திருக்கிறாள். இனி யாராலும் அசைக்க முடியாது. பேனாவை எடுத்து முன்னுரையை ஒரே மூச்சில் எழுதினேன். "ஐந்தாவது கதை கற்பனையன்று, நானே சாட்சி" என்று முடித்தேன். வாசித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. தபாலில் போடத்தான் கை வரவில்லை. மூன்று நாள் மேசையில் கிடந்தது. நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு, கொடிகாமம் போய் பஸ் மாறி நெல்லியடியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன்.

இராசமலர் வாசலுக்கே வந்து கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள். கோப்பி தந்தாள். நான் அதைக் குடிக்காமலே சொன்னேன்.

"நீர் எழுதின மாதிரி நடக்கேல்லை. நானும் எழும்பிப் போனனான்."

"ஓம், தெரியும். நான்தானே தனிய இருந்து சாப்பிட்டனான்" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிறகு ஏன் அப்பிடி எழுதினீர்?"

"அம்மாவுக்காக. விஷயம் கேள்விப்பட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திட்டா. ஒரு பிள்ளையாவது எழும்பாமல் இருந்ததோ எண்டு கேட்டா. இல்லையெண்டு சொன்னால் என்ரை படிப்பு அண்டையோடை முடிஞ்சுது. 'நில்லணை அம்மா, நடந்ததை எழுதி வைச்சிருக்கிறன்' எண்டு போய், அரை மணித்தியாலத்திலை எழுதிக்கொண்டு வந்து வாசிச்சுக் காட்டினன். பக்கத்திலை இருந்தது நீர்தானே, அதாலை உம்மடை பேர். அழுதுபோட்டு என்னை விட்டிட்டுப் போட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போன மாசியிலை சாகும்மட்டும் அம்மா வெள்ளிக்கிழமையிலை வைரவருக்கு விளக்கு வைக்கேக்கை உம்மடை பேரைச் சொல்லுவா. வாய்க்குள்ளை நுழையாது. பேத்திரிப் பிள்ளை நல்லாயிருக்க வேணும் எண்டுவா."

பதினேழு வருடம். வெள்ளிக்குவெள்ளி. நான் எழுதிவந்த முன்னுரையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்தேன். "நான் எழும்பினனான் எண்டே எழுதித் தாறன். அச்சிலை வரட்டும்."

"எழுதும்" என்றாள். "கதையை மட்டும் நான் மாத்தேன். அது அம்மா கேட்ட கதை."

எழும்பிப் புறப்பட்டேன். வாசலடியில் அழுகை வந்துவிட்டது. "அவவை ஒருக்கால் நான் பாத்திருக்கலாம். ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று கேட்டேன்.

"அவ எத்தினை தரம் கேட்டவ. சாவகச்சேரிதானே, போய்ப் பாத்திட்டு வருவமெண்டு. நான்தான் சாட்டுச் சொல்லிச் சொல்லி மறிச்சுப்போட்டன். வந்தால் நீர் அவவை எங்கை இருத்துவீர் எண்டு எனக்குத் தெரியேல்லை."

கதிரையில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். போன கிழமை பனங்கட்டி கொண்டுவந்த மனுசி ஒரு மணித்தியாலம் என் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் வெறும் நிலத்தில் குந்தியிருந்தாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை. பஸ் வந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினேன்.